அரிப்பு ஒன்றுதான், நோய் ஒன்றல்ல: தோல் தடிப்புகளை அறிந்து மருந்திடுவோம்



நம் அறக்கட்டளைக்கு மருத்துவ உதவி கேட்டு வரும் மனுக்களில் இதய அறுவைச் சிகிச்சை, சிறுநீரகக் கோளாறு, பிரசவச் செலவு ஆகியவைதான் அதிகம். தோல் நோய்க்கென்று யாரும் மனு எழுதுவதில்லை. ஆனால் விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் வீடுகளுக்குப் போய் உட்கார்ந்து பேசும்போதுதான் தெரிகிறது, எத்தனை குடும்பங்கள் மாதக்கணக்கில் சொறிந்துகொண்டு, தூக்கமின்றி, வெளியே சொல்லவும் வெட்கப்பட்டுக்கொண்டு இருக்கின்றன என்று. இடுப்பிலும் தொடையிடுக்கிலும் வரும் அரிப்பைப் பெண்கள் பெற்ற தாயிடம்கூடச் சொல்வதில்லை. மகனையோ கணவரையோ மருந்துக்கடைக்கு அனுப்பி, "அரிப்புக்கு ஒரு ட்யூப்" என்று வாங்கி வரச் சொல்லிவிடுகிறார்கள். அங்கேதான் சிக்கல் தொடங்குகிறது.

இந்தப் பாடத்தில் நாம் சொல்ல வருவது ஒன்றே. அரிப்பு எல்லாருக்கும் ஒன்று போலத்தான் இருக்கும். ஆனால் அதன் பின்னால் இருக்கும் நோய் வேறு வேறு. ஒரு நோயை ஆற்றும் களிம்பு இன்னொரு நோயை வளர்த்துவிடும். எனவே பார்த்து அறிந்த பிறகே மருந்திட வேண்டும்.

மார்க்கம் காட்டும் இலகு

தோல் அரிப்பை அற்பமாக எண்ண வேண்டியதில்லை. ஆண்களுக்குப் பட்டு விலக்கப்பட்டது என்பதை நாம் அறிவோம். ஆனால் அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி), ஸுபைர் பின் அவ்வாம் (ரலி) ஆகிய இரு தோழர்களுக்கும் உடலில் அரிப்பு ஏற்பட்டபோது, பட்டு அணிந்துகொள்ள நபி (ஸல்) அவர்கள் அனுமதி அளித்த செய்தி புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியுள்ளது. அரிப்பின் துன்பத்துக்காக மார்க்கமே ஒரு சலுகையைத் திறந்து வைத்திருக்கிறது. நோய்க்கு மருத்துவம் செய்துகொள்ளுமாறும் நபி (ஸல்) அவர்கள் ஏவியிருக்கிறார்கள். ஆகவே வைத்தியத்துக்காக மருத்துவரிடம் உடலைக் காட்டுவதில், தேவைப்படும் அளவுக்குத் தடையில்லை. பெண்களுக்குப் பெண் மருத்துவர் கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் நோயை மறைத்து வளர்ப்பது பேணுதல் ஆகாது.

ட்யூபுக்குள் என்ன இருக்கிறது?

தோல் சிவப்பது, வீங்குவது, சூடாவது, அரிப்பது ஆகிய எல்லாம் சேர்ந்ததுதான் அழற்சி. உடலின் காவலாளிகள் ஏதோ ஓர் எதிரியைப் பார்த்துவிட்டதாக எண்ணிச் சண்டை போடுவதே அது. 1952-இல் ஹைட்ரோகார்ட்டிசோன் என்ற ஸ்டீராய்டைத் தோலின் மேல் பூசினால் அழற்சி அடங்குகிறது என்று அமெரிக்க மருத்துவர்கள் கண்டறிந்தார்கள். தோல் மருத்துவத்தில் அது பெரிய திருப்பம். அதற்கு முன் கரப்பானால் வருடக்கணக்கில் தவித்தவர்களுக்கு அது நிம்மதி தந்தது. பின்னர் அதைவிட வலுவான ஸ்டீராய்டுகள் வந்தன. இன்று கிடைப்பவற்றுள் மிக வலுவானவற்றில் ஒன்றான க்ளோபெட்டசால், ஹைட்ரோகார்ட்டிசோனைப் போலப் பல நூறு மடங்கு வீரியமுள்ளது.

ஸ்டீராய்டு செய்வது, காவலாளியைச் "சும்மா உட்கார்" என்று அடக்குவது. கரப்பானில் எதிரி யாரும் இல்லை. காவலாளி வெறுமனே கலாட்டா செய்கிறான். அங்கே அவனை அடக்குவது சரியான வைத்தியம். ஆனால் படர்தாமரையில் பூஞ்சை என்ற எதிரி உண்மையாகவே உள்ளே இருக்கிறது. அங்கே காவலாளியை உட்கார வைத்தால் சிவப்பு குறையும், அரிப்பு நிற்கும். வீட்டார் "சரியாகிவிட்டது" என்பார்கள். பூஞ்சை மட்டும் எதிர்ப்பே இல்லாமல் பரவும். களிம்பை நிறுத்திய சில நாட்களில் முன்னைவிடப் பெரிதாக வரும். மறுபடியும் அதே ட்யூப் வரும்.

நம் நாட்டில் அதிகம் விற்கும் பல களிம்புகள் ஸ்டீராய்டு, பூஞ்சை மருந்து, பாக்டீரியா மருந்து மூன்றையும் ஒன்றாகக் கலந்தவை. எதுவானாலும் கேட்கும் என்ற எண்ணத்தில் விற்கப்படுபவை. இவற்றால் தான் இந்தியாவில் படர்தாமரை சாதாரண மருந்துக்கு அடங்காத நோயாக மாறிவருகிறது என்று தோல் மருத்துவர்களின் அகில இந்திய சங்கம் பல ஆண்டுகளாக எச்சரித்து வருகிறது. 2018 மார்ச்சில் மத்திய சுகாதார அமைச்சகம், 14 வகை ஸ்டீராய்டுக் களிம்புகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது என்று விதியைத் திருத்தியது. அதே ஆண்டு செப்டம்பரில் 328 கூட்டு மருந்துகள் தடை செய்யப்பட்டன. அவற்றில் தோல் களிம்புகளும் இருந்தன.

விதி வந்த பிறகும் பழக்கம் போகவில்லை. 2020-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள், இந்தியாவையும் நேபாளத்தையும் சேர்ந்த நோயாளிகளிடமிருந்து எடுத்த ஒரு பூஞ்சையைத் தனி இனமாக இனங்கண்டு, ட்ரைக்கோஃபைட்டான் இண்டோடினியே என்று பெயரிட்டார்கள். டெர்பினஃபின் என்ற முக்கிய மாத்திரைக்கே இது பெரும்பாலும் அடங்குவதில்லை. 2023-இல் அமெரிக்காவின் நியூயார்க்கில் இரண்டு பேரிடம் இது கண்டறியப்பட்டது. பூஞ்சையின் பெயரிலேயே நம் நாட்டின் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறது. சீட்டு இல்லாமல் வாங்கும் ஒரு சின்ன ட்யூபுக்கும் அதில் பங்கு உண்டு.

ட்யூபைப் படிக்கும் முறை

கையில் இருக்கும் ட்யூபின் பெயரைப் பார்க்காதீர்கள். அதற்குக் கீழே சிறிய எழுத்தில் இருக்கும் மருந்துப் பெயர்களைப் பாருங்கள். வீட்டில் படிக்கும் பிள்ளைகளை வாசிக்கச் சொல்லுங்கள்.

க்ளோபெட்டசால், பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன், ஃப்ளூசினோலோன், பெக்லோமெத்தசோன், ஹைட்ரோகார்ட்டிசோன் என்ற பெயர்களில் ஏதாவது இருந்தால் அது ஸ்டீராய்டு. க்ளோட்ரிமசோல், மைகோனசோல், கெட்டோகோனசோல், லுலிகோனசோல், டெர்பினஃபின் ஆகியவை பூஞ்சை மருந்துகள். இரண்டு வகையும் ஒரே ட்யூபில் இருந்தால் அது கலவைக் களிம்பு. மருத்துவர் பார்த்து எழுதாமல் அதைத் தொட வேண்டாம்.

எந்தத் தடிப்பு எது?

நல்ல வெளிச்சத்தில் நான்கு கேள்விகள் கேட்டுப் பாருங்கள். எந்த இடத்தில் இருக்கிறது? ஓரம் எப்படி இருக்கிறது? எந்த நேரத்தில் அதிகம் அரிக்கிறது? வீட்டில் வேறு யாருக்காவது இருக்கிறதா?

*கரப்பான்.* பிறந்து சில மாதமான குழந்தைக்குக் கன்னங்களிலும் கை கால்களின் வெளிப்புறத்திலும் சிவந்து, வறண்டு, சில சமயம் நீர் கசியும். வளர்ந்த பிள்ளைகளுக்கு முழங்கை மடிப்பிலும் முழங்காலுக்குப் பின் மடிப்பிலும் வரும். சொறியச் சொறியத் தோல் தடித்துக் கறுத்துப்போகும். ஓரம் தெளிவாக இருக்காது, மெல்ல மங்கிவிடும். இந்தக் குடும்பங்களில் ஆஸ்துமா, அடிக்கடி தும்மல் போன்றவையும் இருப்பது உண்டு. இது தொற்றாது. இதன் அடிப்படை வைத்தியம் ஈரப்பதம். வெதுவெதுப்பான நீரில் சீக்கிரம் குளிப்பாட்டி, துண்டால் தேய்க்காமல் ஒற்றி, ஈரம் முழுவதும் காயும் முன் தேங்காய் எண்ணெயோ வெள்ளை வாஸ்லினோ நிறையத் தடவ வேண்டும். தினமும் இரண்டு மூன்று முறை தடவலாம். சிவந்து கொதிக்கும் நாட்களில் மருத்துவர் எழுதிய ஸ்டீராய்டை, அவர் சொன்ன நாட்கள் மட்டும் பூச வேண்டும். அப்போது ஸ்டீராய்டு என்று பயந்து பூசாமல் விடுவதும் தவறு. அழற்சி அடங்காவிட்டால் பிள்ளை இரவெல்லாம் சொறிந்து புண்ணாக்கிக்கொள்ளும்.

*ஒவ்வாமைத் தடிப்பு.* தோலில் பட்ட பொருளின் வடிவத்திலேயே தடிப்பு வரும். செருப்பு வார் பட்ட இடம், கவரிங் நகை பட்ட கழுத்து, கைக்கடிகாரப் பட்டை, அத்தர் பூசிய இடம் என்று அடையாளம் சொல்லும். சிமெண்டில் வேலை செய்யும் கொத்தனார் சகோதரர்களுக்குக் கைகளில் வெடிப்பும் அரிப்பும் வரக் காரணம் சிமெண்டில் இருக்கும் குரோமேட் என்ற உப்பு. பாத்திரம், துணி சோப்பில் நாள் முழுவதும் கை வைக்கும் பெண்களுக்கு விரல்கள் வறண்டு வெடிக்கும். காரணமான பொருளை விலக்காமல் எத்தனை களிம்பு போட்டாலும் பயனில்லை.

பெருநாளும் நிக்காஹும் வரும்போது ஒன்றைக் குறிப்பாகச் சொல்ல வேண்டும். அரைத்த மருதாணி இலை செம்பழுப்பு நிறம்தான் தரும். பூசிய ஒரு மணி நேரத்தில் கரிய நிறம் தரும் கோனில், தலைமுடிச் சாயத்தில் சேர்க்கும் பி.பி.டி. என்ற ரசாயனம் கலந்திருக்க வாய்ப்பு அதிகம். சில நாட்களில் கோலம் போட்ட கோட்டிலேயே கொப்புளம் கிளம்பும். அந்த ஒவ்வாமை ஆயுள் முழுவதும் நிற்கலாம். பின்னாளில் முடிக்குச் சாயம் பூசினால் முகமே வீங்கிவிடலாம். மணப்பெண்ணின் கைக்கு வீட்டு மருதாணியே போதும்.

*பொடுகுக் கரப்பான்.* தலையில் பொடுகு, மூக்கின் இரு பக்கம், புருவம், தாடிக்கு அடியில் சிவந்து, எண்ணெய்ப் பசையுள்ள செதில்கள் இருக்கும். தாடி வைத்திருக்கும் சகோதரர்கள் தாடியின் அடித்தோலையும் தேய்த்துக் கழுவ வேண்டும். கெட்டோகோனசோல் ஷாம்பு பலருக்கு உதவும். முகத்தில் ஸ்டீராய்டு கூடாது.

*காளாஞ்சகப்படை.* சோரியாசிஸ் என்று சொன்னால் எல்லாருக்கும் தெரியும். முழங்கை, முழங்கால், கீழ்முதுகு, தலை ஆகிய இடங்களில் தடித்த சிவப்புத் திட்டும், அதன் மேல் வெள்ளி போன்ற செதிலும் இருக்கும். ஓரம் தெளிவாகக் கோடு போட்டாற்போல் இருக்கும். இது தொற்றுநோய் அன்று. இவருடன் ஒரே ஸஃப்பில் தோளோடு தோள் நிற்கலாம், ஒரே தட்டில் சாப்பிடலாம். இதைக் காரணம் சொல்லிச் சம்பந்தத்தை முறிப்பவர்கள் அநியாயம் செய்கிறார்கள். மூட்டுகளில் வலியும் காலை விறைப்பும் இருந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். ஸ்டீராய்டு மாத்திரையைத் தாமே வாங்கித் தின்று திடீரென நிறுத்தினால் உடல் முழுவதும் கொப்புளமாகக் கிளம்பும் அபாயம் உண்டு.

*காணாக்கடி.* கொசு கடித்தாற்போல் திட்டுத் திட்டாக வீங்கும். ஓர் இடத்தில் மறைந்து இன்னோர் இடத்தில் எழும்பும். எந்தத் தடிப்பும் ஒரு நாளுக்கு மேல் அதே இடத்தில் நிற்பதில்லை. இதற்குக் களிம்பு தேவையில்லை. மருத்துவர் தரும் செட்ரிசின் போன்ற மாத்திரை போதும். அந்த மாத்திரை சிலருக்குத் தூக்கம் தரும், வண்டி ஓட்டுவோர் கவனிக்கவும்.

*படர்தாமரை.* வட்டமாக, ஓரம் சிவந்து மேடாகச் செதிலுடன் இருக்கும். நடுப்பகுதி ஆறினாற்போல் தெரியும். இடுப்பு, தொடையிடுக்கு, பிட்டம், மார்பகத்துக்குக் கீழ், பிள்ளைகளின் இடுப்புக் கயிற்றின் அடி ஆகிய வியர்வை தங்கும் இடங்களில் வரும். வீட்டில் இன்னொருவருக்கும் இருக்கும். ஸ்டீராய்டு பூசிப் பழகியவருக்கு இந்த வட்டம் கலைந்து, ஒன்றுக்குள் ஒன்றாகப் பல வளையங்கள் தெரியும், அல்லது ஓரமே தெரியாமல் பரவிக் கிடக்கும். அதனால் மருத்துவருக்கும் கண்டுபிடிப்பது கடினமாகிறது. இதற்குப் பூஞ்சை மருந்து மட்டுமே. திட்டைத் தாண்டி இரண்டு விரல்கடை தூரம் வரை பூச வேண்டும். அரிப்பு நின்ற பிறகும், தோல் தெளிந்த பிறகும்கூட, இரண்டு வாரம் தொடர வேண்டும். பரவலாக இருந்தால் மருத்துவர் மாத்திரை தருவார், அது வாரக்கணக்கில் நீளும். இடையில் நிறுத்துவதே நோய் திரும்பக் காரணம்.

*சிரங்கு.* விரலிடுக்கு, மணிக்கட்டு, தொப்புளைச் சுற்றி, பிறப்புறுப்பு ஆகிய இடங்களில் சின்னச் சின்னப் பருக்கள் தோன்றும். இரவில் படுக்கையில் படுத்ததும் அரிப்பு உயிரை எடுக்கும். கண்ணுக்குத் தெரியாத ஒரு சிற்றுண்ணி தோலுக்குள் குடைந்து முட்டையிடுவதே காரணம். 5 சதவீத பெர்மெத்ரின் களிம்பை மருத்துவர் சொற்படி, கழுத்திலிருந்து உள்ளங்கால் வரை, நக இடுக்கு உட்பட, இரவு பூசி காலையில் குளிக்க வேண்டும். ஒரு வாரம் கழித்து மறுபடியும் ஒரு முறை. முக்கியம் இதுதான்: அரிப்பு இல்லாதவர் உட்பட வீட்டில் எல்லாரும் ஒரே இரவில் பூச வேண்டும். கைக்குழந்தைக்கும் கர்ப்பிணிக்கும் மருத்துவரைக் கேட்டே பூச வேண்டும். சிற்றுண்ணி செத்த பிறகும் அரிப்பு சில வாரம் இருக்கும். அதற்காகத் தினமும் மருந்து பூசக்கூடாது.

*உணர்ச்சியில்லாத தேமல்.* அரிப்பே இல்லாமல், வெளிறியோ செம்பு நிறத்திலோ ஒரு திட்டு இருந்து, அங்கே பஞ்சால் வருடினாலோ, சூடு பட்டாலோ தெரியாவிட்டால் அது தொழுநோயாக இருக்கலாம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பரிசோதனையும் மருந்தும் இலவசம். 6 மாதமோ 12 மாதமோ மருந்து சாப்பிட்டால் முழுமையாகக் குணமாகும். தாமதித்தால் கை கால் ஊனமாகும். அரிக்காத திட்டையும் அலட்சியம் செய்ய வேண்டாம் என்பதற்காகவே இதை இங்கே சேர்த்தோம்.

ஸ்டீராய்டு எழுதித் தந்தால்

மருத்துவர் எழுதினால் மூன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: எந்த இடத்தில், எத்தனை நாள், ஒரு நாளுக்கு எத்தனை முறை. அளவுக்கு ஒரு கணக்கு உண்டு. ஆள்காட்டி விரலின் நுனியிலிருந்து முதல் ரேகை வரை பிதுக்கிய களிம்பு, பெரியவரின் இரண்டு உள்ளங்கை அளவு இடத்துக்குப் போதும்.

முகம், கண்ணிமை, தொடையிடுக்கு, குழந்தையின் அரையாடை கட்டும் இடம் ஆகியவற்றில் தோல் மெல்லியது. அங்கே வலுவான ஸ்டீராய்டு பூசினால் தோல் மேலும் மெலிந்து, நரம்பு தெரிந்து, நிரந்தர வரிகள் விழும். கண்ணிமையில் நீண்ட நாள் பூசினால் கண்ணழுத்தமும் புரையும் வரலாம். முகம் வெளுப்பதற்கென்று பெண்பிள்ளைகள் பீட்டாமெத்தசோன் களிம்பை இரவு க்ரீம் போலப் பூசுவது நம் தெருக்களிலும் நடக்கிறது. முதல் வாரம் பளபளக்கும். பிறகு பருவும், சிவப்பும், முகத்தில் ரோமமும் வரும். நிறுத்தினால் எரியும், அதனால் மறுபடியும் பூசுவார்கள். கல்யாணச் சந்தையில் நிறத்துக்கு விலை பேசும் பெரியவர்களுக்கும் இந்தப் பாவத்தில் பங்கு உண்டு என்பதை நாம் சொல்லாமல் இருக்க முடியாது.

ஏற்கெனவே மாதக்கணக்கில் பூசி வருபவர் இதைப் படித்துவிட்டு இன்றே தூக்கி எறிய வேண்டாம். ட்யூபையும் எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள். எவ்வளவு நாள் பூசினோம் என்று உண்மையைச் சொல்லுங்கள். அவர் படிப்படியாக விடுவிப்பார்.

பூண்டு அரைத்துக் கட்டுவது, மண்ணெண்ணெய் தடவுவது, கிருமிநாசினித் திரவத்தைத் தண்ணீர் கலக்காமல் ஊற்றுவது ஆகிய மூன்றும் தோலை வேகவைத்துவிடும். இவற்றையும் கைவிடுவோம்.

வீடு, பள்ளிவாசல், மதரஸா

ஒளு செய்யும்போது விரலிடுக்குகளைக் கோதிக் கழுவுவது சுன்னத். அதன் பின் அந்த இடுக்குகளை உலர்த்துவது ஆரோக்கியம். ஈரத்தோடு ஷூவில் கால் நுழைத்தால் சேற்றுப்புண் வரும். வறண்ட தோல் உள்ளவர்கள் ஒளுச் செய்து முடித்ததும், இலேசான ஈரத்தின் மேல் எண்ணெய் தடவிக்கொள்ளலாம். இதனால் தண்ணீர் படாமல் போகும் என்ற ஐயமும் இல்லை, தோலும் காக்கப்படும். நோன்பு நாட்களில் தோலின் மேல் களிம்பு பூசுவதால் நோன்பு முறியாது. மாத்திரைகளை ஸஹரிலும் இஃப்தாரிலும் அமைத்துத் தருமாறு மருத்துவரைக் கேளுங்கள். புண்ணில் தண்ணீர் படக்கூடாது என்று மருத்துவர் சொன்னால், தயம்மும், மஸ்ஹு ஆகிய சலுகைகள் பற்றி உங்கள் பள்ளி இமாமிடம் கேட்டு அமல் செய்யுங்கள்.

பள்ளிவாசலில் ஒளுச் செய்யும் இடத்தில் தொங்கும் பொதுத் துண்டையும், கூடையில் கிடக்கும் பொதுத் தொப்பிகளையும் நிர்வாகிகள் அகற்றிவிடுவது நல்லது. அவரவர் கைக்குட்டையும் தொப்பியும் கொண்டு வரலாம். சவரக் கத்தியை யாரும் பகிர்ந்துகொள்ள வேண்டாம்.

வீட்டில் ஆளுக்கொரு துண்டு, ஆளுக்கொரு கைலி வேண்டும். படர்தாமரை உள்ளவரின் உள்ளாடைகளைத் தனியாகத் துவைத்து, உட்புறம் வெளியே தெரியும்படி வெயிலில் காயவைத்து, இஸ்திரி போடுங்கள். ஈர உள்ளாடையைக் குளியலறைக் கதவின் பின்னால் உலர்த்தும் வழக்கத்தை விடுங்கள். இறுக்கமான ஜீன்ஸ், லெகின்ஸ் போன்றவற்றைக் குறைத்து, புர்காவுக்குள் தளர்ந்த பருத்தி ஆடை அணிவது நம் வெக்கைக்கு ஏற்றது. இடுப்புக் கயிறு கட்டிய இடத்தில் படை இருந்தால் கயிற்றை அறுத்துப் போடுங்கள்.

தங்கிப் படிக்கும் மதரஸாக்களில் ஒரு பிள்ளைக்குச் சிரங்கு என்றால் அந்த அறைக்கே வைத்தியம் தேவை. அந்தப் பிள்ளையை மட்டும் ஊருக்கு அனுப்பினால், அங்கே குடும்பத்துக்குக் கொடுத்துவிட்டு, திரும்பி வந்து இங்கே மறுபடியும் வாங்கிக்கொள்ளும். பாய், போர்வையைக் கொதிநீரில் அலசி வெயிலில் போடவும். துவைக்க முடியாததைப் பையில் கட்டி ஒரு வாரம் வைக்கவும். சொறியும் பிள்ளையைக் கேலி செய்ய யாரையும் விடாதீர்கள். வெட்கத்தால் மறைத்த நோய்தான் அறை முழுவதும் பரவும்.

உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டியவை

கீழ்க்கண்டவற்றில் எது இருந்தாலும் களிம்பு தேடாமல், காத்திராமல் 108-ஐ அழையுங்கள் அல்லது அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள்.

தடிப்போடு உதடு, நாக்கு வீங்கி மூச்சு அடைத்தால்.

வலிப்பு மாத்திரை, சல்ஃபா, வலி நிவாரணி போன்ற ஏதாவது புது மருந்து தொடங்கிய நாட்களில் காய்ச்சலுடன் தடிப்பு வந்து, வாயில் புண், கண் சிவப்பு, தோல் உரிதல் இருந்தால். அந்த மருந்தின் அட்டையைக் கையோடு கொண்டு செல்லுங்கள்.

உடல் முழுவதும் சிவந்து உரிந்து, குளிர் நடுக்கம் எடுத்தால்.

அழுத்தினால் மறையாத கருஞ்சிவப்புப் புள்ளிகள் காய்ச்சலோடு வந்தால்.

சர்க்கரை நோயாளிக்குக் காலில் சிவந்து, சூடாகி, வலியோடு பரவினால்.

கரப்பான் உள்ள குழந்தைக்குத் திடீரெனக் கொத்துக் கொத்தாகக் கொப்புளமும் காய்ச்சலும் வந்தால்.

எங்கே காட்டுவது?

முதலில் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையம் அல்லது திண்டிவனம் அரசு மருத்துவமனை. அங்கு அடங்காதவற்றுக்கு முண்டியம்பாக்கத்தில், விழுப்புரம் திண்டிவனம் சாலையிலேயே, 2010-இல் தொடங்கப்பட்ட அரசு விழுப்புரம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. இன்னும் மேல் சிகிச்சைக்குப் புதுச்சேரி ஜிப்மர் நம் இரண்டு ஊருக்கும் எட்டும் தூரத்தில்தான். செதிலைச் சுரண்டி நுண்ணோக்கியில் பார்க்கும் எளிய பரிசோதனை ஒன்று உண்டு. பூஞ்சையா, இல்லையா என்பதை அது பெரும்பாலும் சொல்லிவிடும். நீண்ட நாள் தீராத படை உள்ளவர்கள் மருத்துவரிடம் இதைக் கேட்கலாம். போகும்போது இதுவரை பூசிய எல்லா ட்யூபுகளையும், காலியானவை உட்பட, ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். தடிப்பு முதலில் தோன்றிய நாளில் செல்பேசியில் எடுத்த படம் இருந்தால் அதுவும் உதவும்.

போக்குவரத்துச் செலவுக்கோ, நீண்ட நாள் மாத்திரைச் செலவுக்கோ சிரமப்படும் குடும்பங்கள் அறக்கட்டளை அலுவலகத்தில் தயங்காமல் சொல்லலாம். நோயின் பெயரைப் பலர் முன் சொல்ல வேண்டியதில்லை. மருத்துவர் சீட்டைக் காட்டினால் போதும். பெண்கள் தம் விவரத்தை நம் மகளிர் குழுச் சகோதரிகளிடமே தெரிவிக்கலாம். தோல் நோய்க்கென்று மனு வந்தால் அதையும் மற்ற மனுக்களைப் போலவே மதித்துப் பார்ப்போம்.

இன்று வீடு திரும்பியதும் ஒரு வேலை செய்யுங்கள். அலமாரியிலும் குளியலறை மாடத்திலும் கிடக்கும் பழைய ட்யூபுகளை எடுத்து மேசையில் வையுங்கள். பிள்ளைகளைக் கொண்டு பெயர்களை வாசிக்கச் சொல்லுங்கள். ஸ்டீராய்டு எது, பூஞ்சை மருந்து எது என்று பிரித்து, ஒவ்வொன்றும் யாருக்காக, எந்த மருத்துவர் எழுதியது என்று கேளுங்கள். பதில் இல்லாத ட்யூபை யாருக்கும் பூசாதீர்கள், அண்டை வீட்டாருக்கும் கொடுக்காதீர்கள்.

நோயுற்ற நம் சொந்தங்கள் அனைவருக்கும் அல்லாஹ் பூரண ஷிஃபாவைத் தந்தருள்வானாக. ஆமீன்.